ஈரக்கால் வீட்டில் விஸ்கோஸ் கார்ப்பெட்

கேள்வி: வேளச்சேரியில் மூன்றாவது மாடியில் ஃபிளாட் வாங்கிக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. ஹாலுக்கு ஒரு கார்ப்பெட் வாங்கலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனோம். வெள்ளியும் சாம்பலும் கலந்த நிறத்தில் ஒன்று. கையால் தடவினால் நிறம் மாறுகிறது, பட்டுப் புடவையைப் பிரித்துப் போட்டதுபோல மின்னுகிறது. “பேம்பூ சில்க் மேடம், நேச்சுரல், வாஷ்கூட பண்ணலாம்” என்றார் கடைக்காரர். ஐந்துக்கு எட்டு அடி, 26,000 ரூபாய். வீட்டுக்கு வந்து அவர் அனுப்பிய எஸ்டிமேட்டைப் பார்த்தால் ‘100% விஸ்கோஸ்’ என்று இருக்கிறது. விசாரித்தால் பாதிப் பேர் ஆஹா என்கிறார்கள், மீதிப் பேர் கிட்டேயே போகாதே என்கிறார்கள். வீட்டில் ஆறு வயதுப் பையன், எழுபது வயது மாமியார். தினமும் வீடு துடைக்க ஒரு அக்கா வருகிறார். மாமியாரோ, “பரண்ல பவானி ஜமுக்காளம் ரெண்டு கிடக்கு, அதுக்கு மேல என்ன வேணும்?” என்கிறார். வாங்கலாமா? வாங்கினால் எப்படிப் பார்த்துக்கொள்வது?
கே.எஸ்., சென்னை

பதில்:

அன்புள்ள கே.எஸ்.,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் நிதானமாகப் பேசலாம். ஹாலுக்கு இது வேண்டாம். பெட்ரூமுக்கு என்றால் தாராளமாக வாங்குங்கள், கொஞ்சம் பேரம் பேசி. மாமியார் சொன்னதையும் தட்டிவிடாதீர்கள். பரணில் கிடக்கும் அந்த ஜமுக்காளத்துக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

உங்கள் ஆசையில் தப்பே இல்லை. கோயம்புத்தூரில் பதினெட்டு வருடமாக வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்துகொடுக்கிறேன். இத்தனைக்குப் பிறகும் கடையில் ஒரு நல்ல விஸ்கோஸ் கார்ப்பெட்டைப் பிரித்துப் போட்டால் என் கை தானாகப் போய்த் தடவிப் பார்க்கும். கம்பளி வெளிச்சத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். பருத்தி சிவனே என்று கிடக்கும். விஸ்கோஸ் இழை வழவழவென்று நீளமாக இருப்பதால் கண்ணாடிபோல வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். நீங்கள் தடவும்போது நிறம் மாறியதே, அதில் இரண்டு சாயம் கிடையாது. மயில்கழுத்து, புறாக்கழுத்து என்று புடவையில் சொல்வோமே, அங்கே பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். இங்கே நிறம் ஒன்றுதான், இழை சாய்ந்திருக்கும் திசைதான் வித்தை காட்டுகிறது. இழையின் நுனி உங்களைப் பார்த்து நின்றால் நிறம் அடர்ந்து தெரியும், முதுகைக் காட்டிப் படுத்திருந்தால் வெளுத்து மின்னும். காலையில் ஜன்னலோரம் நின்று பார்த்தால் வெள்ளி, எதிர்ச் சுவரோரம் நின்று பார்த்தால் ஈயம். அறையில் வேறு எதையுமே மாற்றாமல் அறையே மாறிவிட்டதுபோல இருக்கும். சாம்பல், வெள்ளி, மங்கிய நீலம் மாதிரி அமைதியான நிறங்களுக்கு இது ரொம்பப் பொருந்தும். அதே சாம்பலைப் பருத்தியில் போட்டால் சாக்குத் துணி மாதிரி இருக்கும்.

இன்னொன்று, கைக்கும் காலுக்கும் கிடைக்கிற குளிர்ச்சி. நம் வெயிலுக்கு அது சுகமாகத்தான் இருக்கிறது. விலையும் ஒரு காரணம். உண்மையான பட்டில் கையால் முடிச்சுப் போட்ட காஷ்மீர் கார்ப்பெட் இந்த அளவில் லட்சங்களில் போகும். அந்தத் தோற்றத்தில் ஒரு பங்கை ஆயிரங்களில் தருகிறது என்பதால்தான் கடைக்காரர்கள் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

சரி, இது என்ன பொருள்? மரக்கூழ். காகிதம் செய்கிற அதே சங்கதி. அதைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்பைடு சேர்த்து, மறுபடி காஸ்டிக் சோடாவில் கரைத்தால் தேன் மாதிரி கெட்டியான திரவமாகும். அந்தப் பிசுபிசுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததுதான் விஸ்கோஸ் என்ற பெயர். அதை நுண்துளைகள் வழியாகக் கந்தக அமிலத் தொட்டிக்குள் பிழிவார்கள். இடியாப்பம் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள், அச்சு மட்டும் பல மடங்கு சன்னம். அமிலம் பட்டதும் இழை இழையாக உறைந்து வரும். 1892-ல் இங்கிலாந்தில் கிராஸ், பெவன், பீடில் என்ற மூன்று பேர் கண்டுபிடித்த முறை இது. அதற்கு முன்பே பிரான்சில் ஷார்டோனே வேறொரு முறையில் செயற்கைப் பட்டு செய்து 1889 பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். ஆனால் அது வெடிபஞ்சுக்கு நெருங்கிய சொந்தம், சட்டென்று பற்றிக்கொள்ளும். விஸ்கோஸ் அந்த அளவு பயமுறுத்தாது என்பதால் நிலைத்துவிட்டது. 1905-ல் கோவென்ட்ரி நகரில் தொழிற்சாலை அளவில் உற்பத்தி தொடங்கியது. 1924-ல் அமெரிக்காவில் இதற்கு ரேயான் என்று பெயர் வைத்தார்கள். ஆக, ரேயான் நைட்டியும் உங்கள் 26,000 ரூபாய் கார்ப்பெட்டும் ஒரே குடும்பம்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இது புது சரக்கு இல்லை. மேட்டுப்பாளையம் தாண்டி சிறுமுகையில், பவானி ஆற்றங்கரையில், பெரிய விஸ்கோஸ் ஆலை ஒன்று ஓடியது. நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் வளர்த்த தைலமரமும் சீகை மரமும் அங்கே வந்து கூழாகி நூலாகின. ஆற்றில் கலந்த கழிவை எதிர்த்து 1990-களில் மக்கள் போராடினார்கள், கடைசியில் ஆலை மூடப்பட்டது. அதே ஆறு இன்னும் கீழே ஓடிக் காவிரியோடு கூடுகிற இடம்தான் பவானி, உங்கள் மாமியாருடைய ஜமுக்காளத்தின் ஊர். முரட்டுப் பருத்தி நூலில் எல்லா டிசைனும் வராது என்பதால் அங்கேயும் ஆர்ட் சில்க் நூலில் ஒரு ரகம் நெய்ய ஆரம்பித்தார்கள். ஆர்ட் சில்க் என்றால் கலைநயமுள்ள பட்டு என்று அர்த்தமில்லை, ஆர்ட்டிஃபிஷியல் என்ற சொல்லின் முன்பாதி அது. பட்டும் இல்லை, பெரும்பாலும் நம் விஸ்கோஸ்தான்.

பேம்பூ சில்க்கும் அதே கதை. மூங்கிலிலிருந்து கூழ் எடுத்திருக்கலாம். ஆனால் காஸ்டிக் சோடாவிலும் கந்தக அமிலத்திலும் குளித்து வெளியே வந்த பிறகு மூங்கில் என்ன, தைலமரம் என்ன? கிடைப்பது செல்லுலோஸ் இழை. அமெரிக்காவில் வர்த்தகத்தைக் கண்காணிக்கும் அரசு ஆணையம் 2009-ல் இதே விஷயத்துக்காகச் சில நிறுவனங்கள் மேல் நடவடிக்கை எடுத்தது. வெறுமனே மூங்கில் துணி என்று எழுதக்கூடாது, மூங்கிலிலிருந்து செய்த ரேயான் என்று எழுது என்பது அவர்கள் நிலை. நம் கடைகளில் பேம்பூ சில்க், பனானா சில்க், வெஜிடபிள் சில்க் என்று விதவிதமாகப் பெயர் ஓடுகிறது. உங்கள் கடைக்காரர் எஸ்டிமேட்டில் உண்மையை எழுதினாரே, அதற்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும். நிஜப் பட்டு என்று யாராவது சாதித்தால் சில்க் மார்க் முத்திரை எங்கே என்று கேளுங்கள். 2004 முதல் புழக்கத்தில் இருக்கும் முத்திரை அது, புடவைக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

வீட்டிலேயே பார்க்க வேண்டுமென்றால் குஞ்சத்திலிருந்து எடுக்காதீர்கள், குஞ்சம் பெரும்பாலும் பருத்தி. மேலே நிற்கும் இழையில் ஒன்றிரண்டை உருவி, சிங்க் ஓரமாக ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்துத் தீக்குச்சி காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு சட்டென்று எரிந்து மெல்லிய சாம்பல் மிஞ்சினால் விஸ்கோஸ். முடி கருகிய நாற்றம் வந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் கருப்பு உருண்டை கிடைத்தால் பட்டு அல்லது கம்பளி. உருகிச் சுருண்டு கெட்டி மணியானால் பாலியெஸ்டர் அல்லது நைலான்.

இனி, ஹாலுக்கு ஏன் வேண்டாம் என்கிறேன்? நான் பட்ட கதையைச் சொல்கிறேன்.

தொழிலுக்கு வந்த மூன்றாவது வருடம். கோயம்புத்தூரிலேயே ராமநாதபுரம் பக்கம் ஒரு வீட்டுக்கு வேலை முடித்து, கிரகப்பிரவேசத்துக்கு முந்தின இரவு ஹாலில் கிரீம் நிற விஸ்கோஸ் கார்ப்பெட் ஒன்றை விரித்துவைத்தேன். அன்றைக்கு எனக்கு அது ‘ஆர்ட் சில்க்’ என்ற அளவில்தான் தெரியும். விடியற்காலையில் பசுவும் கன்றும் வரும் என்றார்கள். பதறிப்போய்ச் சுருட்டி ஓரமாக வைத்தேன். பசு சமர்த்தாக வந்து போனது. ஆபத்து நீங்கியது என்று மறுபடி விரித்தேன். ஹோமம் முடிந்ததும் சாஸ்திரிகள் கலசத் தண்ணீரை மாவிலையால் வீடு முழுக்கத் தெளித்துக்கொண்டே வந்தார். வெறும் தண்ணீர்தானே, காய்ந்துவிடும் என்று நானும் தலையில் வாங்கிக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து பார்த்தால் கார்ப்பெட் முழுக்க எட்டணா அளவில் பழுப்பு வட்டங்கள். அப்போதாவது சும்மா இருந்தேனா? ஈரத்துணியால் ஒரு வட்டத்தைத் துடைத்தேன், அது தோசை அளவுக்கு விரிந்தது. சோஃபாவுக்கு ஷாம்பூ போடுகிற ஆளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இயந்திரத்தை வைத்து நன்றாக நனைத்துத் தேய்த்துவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்துக் காய்ந்தபோது கஞ்சி போட்ட காடாத் துணிபோல விறைத்துக்கொண்டு நின்றது, பளபளப்பு இருந்த சுவடே இல்லை. அந்த வீட்டுப் பாட்டி மட்டும், “நல்ல காரியத்துக்குத் தெளிச்ச தண்ணி கண்ணு, அது கறையாகாது” என்று என்னைத் தேற்றினார். பணம் என் கையிலிருந்துதான் போனது.

நடந்தது என்ன என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். விஸ்கோஸுக்குத் தண்ணீர் என்றால் உயிர். காற்றில் இருக்கும் ஈரத்தையே 100 கிராமுக்கு 11 முதல் 13 கிராம் வரை இழுத்து வைத்துக்கொள்ளும். பருத்தி எட்டு கிராம் போல, பாலியெஸ்டர் அரை கிராம்கூட இல்லை. தண்ணீர் பட்டதும் இழை உப்பும், ஒன்றோடொன்று ஒட்டும், காயும்போது ஒட்டியபடியே கோணலாகக் காயும். வரிசையாகப் படுத்திருந்தவரைதான் அது கண்ணாடி. கலைந்துவிட்டால் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறிப்போகும், பார்க்க மங்கலாகிவிடும். அடியில் இருக்கிற பருத்தி, பசை எல்லாவற்றிலுமிருந்து கரைந்த அழுக்கு ஈரத்தோடு நுனிக்கு ஏறி அங்கேயே தங்கும். அதுதான் அந்தப் பழுப்பு. சுத்தமான தண்ணீராக இருந்தாலும் இதே கதிதான்.

இதைவிட முக்கியம், நனைந்தால் விஸ்கோஸ் ஏறக்குறையப் பாதி பலத்தை இழந்துவிடும். அந்த நேரத்தில் தேய்த்தால் இழை முறியும், பஞ்சு பஞ்சாகக் கிளம்பும். பருத்தி இதற்கு நேர்மாறு, நனைந்தால் பலம் கூடும். அதனால்தான் ஜமுக்காளத்தைத் துவைகல்லில் அடி அடி என்று அடித்தாலும் பத்து வருடம் தாங்குகிறது. உங்கள் கடைக்காரர் “வாஷ்கூட பண்ணலாம்” என்றாரே, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எஸ்டிமேட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதமாட்டார்.

விஸ்கோஸ் கார்ப்பெட்டைப் புகழ்ந்து வருகிற படங்களைக் கவனியுங்கள். ஷூவோடு, அல்லது சாக்ஸோடு நடக்கிற வீடுகள். தரையில் வாரத்துக்கு ஒரு முறை வேக்குவம், அவ்வளவுதான். நம் வீடு அப்படியா? வெளியிலிருந்து வந்ததும் கால் கழுவிவிட்டு ஈரத்தோடு உள்ளே நுழைகிறோம். பாத்ரூமிலிருந்து வருகிற கால், பாத்திரம் தேய்த்துவிட்டு வருகிற கால், எல்லாம் ஈரக்கால். தினமும் மாப். டீப்பாய் மேல் சொம்புத் தண்ணீர். பையன் ஹார்லிக்ஸ் குடிப்பது டிவி முன்னால். விருந்தாளி வந்தால் கையில் காபி டம்ளரைக் கொடுத்துத்தான் உட்காரச் சொல்கிறோம். போதாததற்கு சென்னையின் புழுக்கம், ஐப்பசி கார்த்திகை மழை. இது நம் வாழ்க்கை முறை, இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கார்ப்பெட்டுக்காக எழுபது வயதுக்காரரைக் காலைத் துடைத்துவிட்டு வாருங்கள் என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? சொன்னால், ஆறே மாதத்தில் பகை யாருக்கு யாரோடு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர் தவிர வேறு சில குணங்களும் உண்டு. கம்பளி இழை சுருள்வில் மாதிரி, மிதித்தாலும் எழுந்து நிற்கும். விஸ்கோஸ் மிதித்தால் மிதித்த இடத்திலேயே படுத்துவிடும். சோஃபாவிலிருந்து சமையலறைக்குப் போகிற வழியில் ஒரு வருடத்தில் ஒற்றையடிப் பாதை போட்டுவிடும். புதிதில் இழை உதிரும், அது சில மாதம் போனால் குறையும். செல்லுலோஸ் என்பதால் புத்தகம் அரிக்கும் ராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் இதுவும் தீனிதான். கம்பளியைத் தின்கிற அந்துப்பூச்சி இதைத் தொடாது என்பது ஒரு சின்ன ஆறுதல்.

இத்தனையும் சொல்லிவிட்டு பெட்ரூமுக்கு வாங்கச் சொல்கிறேனே என்று கேட்கலாம். நீங்கள் சொன்ன குடும்பத்தில் பெட்ரூமில்தான் ஈரமும் நடமாட்டமும் குறைவு. கட்டிலின் ஒரு பக்கம், முக்கியமாக பாத்ரூம் கதவுக்கு எதிர்ப்பக்கம், அதுதான் விஸ்கோஸுக்கு ஏற்ற இடம். ஐந்துக்கு எட்டு அடியைக் கட்டிலின் கால்மாட்டில் பாதி உள்ளே போகும்படி குறுக்காக விரிக்கலாம். இல்லையென்றால் பணத்தைப் பாதியாகக் குறைத்து, கட்டிலோரமாக மூன்றுக்கு ஐந்து ஒன்று போதும். காலையில் எழுந்து முதலில் கால் வைக்கிற இடத்தில் அந்த வழவழப்பு இருந்தால் போதாதா? ஹாலில் யார் பார்த்து மெச்ச வேண்டும்?

விரிக்கும்போது இழை சாய்ந்திருக்கும் திசையைப் பாருங்கள். அறைக்குள் நுழைகிறவர் கண்ணுக்கு மின்னும் பக்கம் தெரிய வேண்டுமா, அடர்ந்த பக்கமா என்பது உங்கள் விருப்பம், ஆனால் இரண்டு வகையாகவும் ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒரே கார்ப்பெட்தானா என்று சந்தேகமே வந்துவிடும். நிறத்தில், தூய வெள்ளையும் கிரீமும் வேண்டாம், பழுப்பேறுவது முதலில் தெரிவது அவற்றில்தான். கருநீலம் போன்ற அடர்ந்த நிறத்தில் ஒவ்வொரு கால் தடமும் தெரியும். நீங்கள் பார்த்த வெள்ளிச் சாம்பல், அதிலும் மேகம் கலைந்ததுபோல டிசைன் இருந்தால், இரண்டையும் மறைத்துவிடும். அந்த வகையில் உங்கள் கண் சரியாகத்தான் தேர்ந்திருக்கிறது. மேற்கு வெயில் நேராக விழும் ஜன்னலாக இருந்தால் திரைச்சீலை போடுங்கள், சாயம் வெளுக்கும்.

கடையில் அது மின்னியதற்குக் கூரையிலிருந்து அடித்த மஞ்சள் ஸ்பாட் லைட்டும் ஒரு காரணம். உங்கள் வீட்டு எல்.இ.டி. பேனலின் கீழே பாதி மினுமினுப்பு காணாமல் போகலாம். அதனால் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குகிறேன் என்று கேளுங்கள். நல்ல கடைகள் முன்பணம் வாங்கிக்கொண்டு ஒத்துக்கொள்வார்கள். கார்ப்பெட்டைத் திருப்பிப் போட்டு முதுகைப் பார்ப்பதும் அவசியம். பின்னால் துணி ஒட்டி, ரப்பர் வாசனை வந்தால் டஃப்டிங் கன் என்ற கைக்கருவியால் நூலைத் துணியில் குத்தி லேட்டக்ஸ் என்ற ரப்பர் பசையில் ஒட்டியது. நம் சூட்டில் அந்தப் பசை சில வருடங்களில் காய்ந்து மாவாக உதிர ஆரம்பிக்கும். பின்பக்கமும் டிசைன் தெரிந்தால் தறியிலோ முடிச்சிலோ நெய்தது, ஆயுள் கூடுதல். உத்தரப்பிரதேசத்தின் பதோஹி, மிர்சாபூர் பக்கம் இரண்டு வகையும் செய்கிறார்கள், ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டு முதுகைப் பார்க்காமல் வராதீர்கள். ஒரு வெள்ளைக் கைக்குட்டையை லேசாக நனைத்து ஓரத்தில் ஒற்றி எடுங்கள், சாயம் ஒட்டினால் அந்தக் கார்ப்பெட்டை மறந்துவிடலாம்.

பராமரிப்பில் பாதிக்கு மேல் அந்த அக்காவிடம்தான் இருக்கிறது. அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இது தண்ணீர் படக்கூடாத சாமான் என்று ஒரு முறை பொறுமையாகச் சொல்லுங்கள், காரணத்தோடு. துடைக்கும்போது சுருட்டி கட்டில் மேல் வைக்க வேண்டும், மடிக்கக்கூடாது, தரை நன்றாகக் காய்ந்த பிறகுதான் விரிக்க வேண்டும். அடியில் வழுக்காத மேட் போடுங்கள், மார்பிள் தரையில் விஸ்கோஸ் சறுக்கும், மாமியார் இருக்கிற வீடு. வேக்குவம் கிளீனரில் சுழலும் பிரஷ்ஷைக் கழற்றிவிட்டு, வெறும் உறிஞ்சலில், இழையின் திசையிலேயே இழுக்கலாம். தரையைத் தானே துடைத்துக்கொண்டு சுற்றும் ரோபோ வைத்திருந்தால், அதன் வரைபடத்தில் இந்த இடத்துக்கு வேலி போட மறக்காதீர்கள். இந்த வருடம் எனக்கு வந்த புலம்பல்களில் இரண்டு அந்த ரோபோவால் வந்தவை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டால் தேய்மானம் ஒரே பக்கம் விழாது.

ஏதாவது சிந்திவிட்டால் கையில் ஈரத்துணியோடு ஓடாதீர்கள். பழைய வேட்டித் துணி இருக்கிறதா, வெள்ளையாக, கரையைக் கிழித்துவிட்டு? அதைப் போல உறிஞ்சுவது வேறில்லை. மடித்து, அழுத்தி, ஒற்றி எடுங்கள். துணி நனைந்ததும் காய்ந்த மடிப்புக்கு மாற்றுங்கள். தேய்க்கவே கூடாது. பிறகு கார்ப்பெட்டின் அந்த மூலையைத் தூக்கி அடியில் காற்றுப் போகும்படி ஏதாவது முட்டுக்கொடுத்து ஃபேன் போடுங்கள். காய்ந்ததும் மெத்தென்ற பிரஷ்ஷால் இழையின் சாய்மானத்திலேயே நீவிவிட்டால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். எண்ணெய் சிந்தினால் மட்டும் கார்ன்ஃப்ளார் தூவி ஒரு ராத்திரி விட்டு உறிஞ்சி எடுங்கள், துளி மிச்சம் வைக்காமல், இல்லையென்றால் பூச்சிக்கு விருந்து. சோடா உப்பு, துணி சோப்பு, நீராவி எல்லாம் வேண்டாம். காரம் விஸ்கோஸை இன்னும் மஞ்சளாக்கும். வெளியாளைக் கூப்பிட்டால் அவர் குழாயைத் திறக்கும் முன்பே “இது விஸ்கோஸ், எப்படிச் செய்வீர்கள்?” என்று கேளுங்கள். குறைந்த ஈரம், லேசான அமிலத் தன்மையுள்ள கழுவல், உடனே உலர்த்தல் என்ற மாதிரி பதில் வந்தால் விடலாம். “எல்லாத்துக்கும் ஒரே ஷாம்பூதான் மேடம்” என்றால் ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஹாலில் அந்த மினுமினுப்பு கொஞ்சமாவது இருந்தே தீர வேண்டுமா? கார்ப்பெட்டின் பரப்பு முழுக்கக் கம்பளியும், பூவோ கோடோ மட்டும் விஸ்கோஸும் வைத்து நெய்த ரகம் இருக்கிறது. மிதியைக் கம்பளி தாங்கிக்கொள்ளும், வெளிச்சத்துக்கு விஸ்கோஸ் பதில் சொல்லும். ஒரு துளி தண்ணீர் பட்டால் கம்பளி உடனே உறிஞ்சாது, துடைக்க நேரம் கொடுக்கும். விலை கூடுதல்தான். விலையும் குறைய வேண்டும், கவலையும் கூடாது என்றால் பட்டு மினுமினுப்பில் பாலியெஸ்டர் வருகிறது. அலங்காரக்காரர்கள் அதைச் சொல்ல வெட்கப்படுவோம், எனக்கும் அதன் ஸ்பரிசம் பிடிக்காது. ஆனால் ஹார்லிக்ஸ் கொட்டுகிற வயதில் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அது நேர்மையான சரக்கு.

எதையும் இந்த வாரம் வாங்காதீர்கள். பரணிலிருந்து ஜமுக்காளத்தை இறக்கித் துவைத்து, மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டு, சோஃபாவின் முன்கால்கள் அதன்மேல் ஏறும்படி ஐந்துக்கு எட்டு அடிக்கு மடித்து ஹாலில் விரியுங்கள். அந்த அளவு உங்கள் ஹாலுக்குப் போதுமா, ஆறுக்கு ஒன்பதாக வேண்டுமா என்பது அப்போதே தெரிந்துவிடும். சாம்பல் சோஃபாவாக இருந்தால் அந்தச் சிவப்பும் பச்சையும் எப்படி நிற்கிறது என்று பாருங்கள், நான் இரண்டு வீடுகளில் வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறேன். அப்புறம் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி, பதினைந்து நாளைக்கு, ஜமுக்காளத்தில் ஈரம் படுகிற ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடுங்கள். ஈரக்கால், சிந்தின காபி, மாப் தண்ணீர், எல்லாம் கணக்கு. ஐந்து கோட்டுக்குள் நின்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், ஹால் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கோடு போடும் பொறுப்பை மாமியாரிடம் கொடுங்கள், கணக்கு சரியாக இருக்கும்.